முதல் பயணம் மணல் மூட்டைகளுக்கு!

புது மெட்ரோ ரயிலில் எல்லோருக்கும் முன்னால் ஏறுவது மணல் மூட்டைகள்தான்! இது தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஒரு பெட்டியில் ஆள்மேல் ஆளாக நெருக்கியடித்து நின்றால் என்ன எடை வருமோ, அந்த எடைக்கு மூட்டைகளை அடுக்குவார்கள். லக்னோவிலிருந்து ஆர்டிஎஸ்ஓ எனும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பின் பொறியாளர்கள் வந்து பெட்டிக்குள்ளும் சக்கரப் பகுதியிலும் அளவுகருவிகளைப் பொருத்துவார்கள். முதலில் வெறும் பெட்டியாக ஓட்டம். பிறகு மூட்டை ஏற்றி ஓட்டம். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, வளைவில் எவ்வளவு ஆடுகிறது, அவசர பிரேக் போட்டால் எவ்வளவு தூரம் தள்ளிப் போய் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். அதெல்லாம் தேறி, மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து தண்டவாளம், சிக்னல், படிக்கட்டு, தீயணைப்புக் குழாய் வரை பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நீங்களும் நானும் கார்டைத் தட்டிவிட்டு உள்ளே போக முடியும். அதுவரை அந்த ரயில் முழுக்க முழுக்க மூட்டைகளின் ராஜ்ஜியம்.

சென்னையின் பூந்தமல்லியில் இந்தக் கதை இன்னும் சுவாரசியமானது. அங்கே வந்து இறங்கிய புது ரயில்களுக்கு ஓட்டுநர் அறையே கிடையாது. ஸ்ரீசிட்டியிலுள்ள அல்ஸ்டாம் தொழிற்சாலையில் செய்து, 2024 அக்டோபரில் பூந்தமல்லி டெப்போவுக்கு வந்தது முதல் ரயில். மூன்றே பெட்டி. 2025 மார்ச் 20ஆம் தேதி பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை முதல் சோதனை ஓட்டம். ஏப்ரல் 28ஆம் தேதி போரூர் வரை நீண்டது. மனிதர் கையால் ஓட்டாமல் தானாகவே கிளம்பி, தானாகவே நின்று, தானாகவே கதவைத் திறக்கப்போகிற ரயிலுக்குப் பயணிகளாக மூட்டைகள்! நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் பூரிப்பும் சேர்ந்து வருகின்றன.

ஓட்டுநர் இல்லை என்றதும் சிலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. கவலையே வேண்டாம். ரயிலுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ரேடியோ வழியாக விடாமல் பேச்சு நடந்துகொண்டே இருக்கும். நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன் என்று ஒவ்வொரு ரயிலும் நொடிக்கு நொடி சொல்லும். எதுவரை போகலாம் என்று பதில் வரும். அந்த எல்லையைத் தாண்ட முயன்றால் பிரேக் தானாக விழும். கேமரா வழியாகப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்க்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடைமேடை விளிம்பில் தடுப்புக் கதவுகள் இருக்கும். ரயில் சரியான இடத்தில் நின்றால்தான் இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். ஆரம்பத்தில் ரயிலுக்குள்ளேயே ஒரு பணியாளரையும் வைத்துத்தான் ஓட்டுவார்கள். இவ்வளவுக்கும் நடுவில் பயணிக்குக் கிடைக்கிற பரிசு, ரயிலின் முன்முனைக் கண்ணாடி. ஓட்டுநர் அறை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி இனி யார் முதலில் ஓடிப்போய் நிற்கிறார்களோ அவர்களுக்கு. குழந்தைகளுக்கு விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல வேண்டும்தான். நானே விட்டுக்கொடுப்பேனா என்பது அன்றைக்குத்தான் தெரியும்!

சரி, இந்த ரயில்கள் எங்கிருந்து எங்கே போகப்போகின்றன? 2015 ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் தொடங்கியது சென்னை மெட்ரோ. 2017 மே 14ஆம் தேதி திருமங்கலம் – நேரு பூங்கா சுரங்கம் திறந்தபோதுதான் இந்த ஊர் முதன்முதலாகத் தரைக்கு அடியில் ரயிலேறியது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்து 45 கிலோமீட்டர் பூர்த்தியானது. 2021இல் விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆனது. நீலம் ஒன்று, பச்சை ஒன்று என்று இரண்டே வழித்தடம். அதற்கே 2023இல் 9.11 கோடிப் பயணங்கள், 2024இல் 10.52 கோடி.

இரண்டாம் கட்டம் இதை அப்படியே புரட்டிப் போடுகிறது. 2024 அக்டோபர் 3ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் நீளம் 118.9 கிலோமீட்டர், செலவு 63,246 கோடி ரூபாய். மாதவரத்திலிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாக சிறுசேரி சிப்காட் வரை ஒன்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒன்று. மாதவரத்திலிருந்து ஊரை மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சோழிங்கநல்லூர் வரை ஒன்று. இருக்கிறதைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே மூச்சில்!

வரைபடத்தைக் கையில் எடுத்தால் எல்லோரும் கோடு எங்கே முடிகிறது என்றுதான் தேடுகிறார்கள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா, எப்போது வரும். நியாயம்தான். ஆனால் எனக்கு விரல் நிற்பது கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில். வடபழனி, நந்தனம், ஆயிரம் விளக்கு, கீழ்ப்பாக்கம், திருமங்கலம், கோயம்பேடு, ஆலந்தூர், திருமயிலை, சோழிங்கநல்லூர். ஒரு ரயில் பாதை கிலோமீட்டரால் வளர்கிறது. ஒரு மெட்ரோ வலையாக மாறுவது இந்த முடிச்சுகளால்தான். பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் இவைதான். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கக் கிடைத்தால் நான் நேராக அங்கேதான் போவேன். வாங்க, சேர்ந்தே போகலாம்.

இருக்கிற முடிச்சுகளில் ஆலந்தூர் என் செல்லம். இரண்டு வழித்தடமும் ஆகாயத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. கீழே இறங்கின கையோடு எஸ்கலேட்டர் ஏறினால் அடுத்த ரயில். கட்டும்போதே இரண்டுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டதால் வந்த சுகம் அது. சென்ட்ரல் இதற்கு நேர் எதிர். அங்கே இரண்டு வழித்தடமும் பாதாளத்தில் சந்திக்கின்றன. ஒரு பக்கம் ரிப்பன் மாளிகை, மறுபக்கம் அரசு பொது மருத்துவமனை, எதிரே தென்னக ரயில்வேயின் பெருங்கூட்டம், நடுவில் ஓயாத பூந்தமல்லி நெடுஞ்சாலை. அத்தனைக்கும் கீழே மண்ணை வாரிவிட்டு ஒரு மாளிகையையே இறக்கியிருக்கிறார்கள். கீழே போனால் முதலில் நம்மைத் தாக்குவது அதன் விசாலம். எழும்பூர்ப் பக்கமிருந்து வருகிறவர் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறி உயர் நீதிமன்றம் போகிறபோது, தலைக்கு மேலே அந்த நெரிசல் நடந்துகொண்டிருப்பதே தெரியாது.

இவை இரண்டும் ஒரே காலத்தில், ஒரே திட்டத்தில் கட்டியவை. இரண்டாம் கட்டத்தின் சவால் வேறு. முன்னே கட்டி, திறந்து, ஆயிரமாயிரம் பேர் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிற நிலையத்தின் தோளில் இன்னொரு நிலையத்தைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். பழைய ரயில் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.

வடபழனிக்கு வாருங்கள். நூறடிச் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் விஷயம் புரியும். தரையில் சாலை. அதற்கு மேலே மேம்பாலம். அதற்கும் மேலே பச்சை வழித்தடம். இப்போது அதையும் தாண்டி, குறுக்கே, ஆற்காடு சாலையின் போக்கில் பூந்தமல்லிப் பாதை போகிறது. கீழேயிருக்கிற பச்சை ரயிலின் மின்கம்பிக்கு மேலே கான்கிரீட்டைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால், அது ரயில் ஓடாத பின்னிரவில்தான் முடியும். ஒவ்வொரு இரவும் சில மணி நேரம்தான் கிடைக்கும். விடிவதற்குள் கருவிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, சுத்தமாக விலகிவிட வேண்டும்.

வடபழனியைத் தாண்டி ஆழ்வார்திருநகர் பக்கம் போனால் எனக்கு இன்னும் பிடித்த ஒன்று காத்திருக்கிறது: இரண்டடுக்குப் பாலம். ஆற்காடு சாலை அங்கே குறுகல். கடையும் வீடும் சாலையை ஒட்டியே நிற்கின்றன. இரண்டு வழித்தடம் அதே சாலையில் வந்தாக வேண்டும். தனித்தனித் தூண் போட்டால் பாதிச் சாலையைத் தூணே விழுங்கிவிடும். ஆகவே ஒரே தூணில் இரண்டு தளம், தளத்துக்கு இரண்டு தண்டவாளப் பாதை. ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தூரம் இப்படியே போகிறது. ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், காரம்பாக்கம், ஆலப்பாக்கம் சந்திப்பு என்று நான்கு நிலையங்கள் இரண்டு வழித்தடத்துக்கும் பொது. வளசரவாக்கத்தில் நிற்கிற ஒருவர் ஒரு தளத்தில் ஏறினால் கோடம்பாக்கம், மயிலாப்பூர், கடற்கரை. இன்னொரு தளத்தில் ஏறினால் கோயம்பேடு, வில்லிவாக்கம், கொளத்தூர்! ஊரின் மையம் என்று யாரும் நினைத்திராத வளசரவாக்கத்துக்கு இந்த யோகம் அடித்திருக்கிறது. அந்தப் பகுதிக்காரர்கள் வருடக்கணக்காகத் தூசியிலும் திருப்பிவிட்ட சாலைகளிலும் பட்டபாட்டுக்கு இது தகும் என்றே நினைக்கிறேன்.

இந்த வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் இரவில்தான் போக வேண்டும். காட்டுப்பாக்கம் பக்கம் ஒருமுறை நள்ளிரவு தாண்டி யூ-கர்டர் ஏற்றுவதைச் சாலையோரம் நின்று பார்த்தேன். ‘யூ’ எழுத்தை நீளமாக நீட்டினாற்போன்ற கான்கிரீட் தொட்டி. ரயில் அதன் வயிற்றுக்குள் ஓடும், இரண்டு பக்கச் சுவரும் அதிலேயே சேர்ந்திருக்கும். வார்ப்பு யார்டிலிருந்து வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த புல்லரில் ஏறி, நடந்து போகிறவர் முந்திவிடுகிற வேகத்தில் அது வந்தது. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் விசில் ஊதிக்கொண்டே ஆட்கள். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு ராட்சதக் கிரேன்கள் தயாராக நின்றன. நூறு டன்னைத் தாண்டும் அந்தத் தொட்டியை இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு, ஒரு பக்கம் சாயாமல் தூக்க வேண்டும். இரண்டு கிரேன் ஆப்பரேட்டர்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நடுவில் ஒருவர் நின்றுகொண்டு, கையால் காட்டுகிறார். வாக்கிடாக்கியில் மெதுவாக என்கிறார். விரல் நுனியால் இன்னும் கொஞ்சம் என்கிறார். அவர் கை மூடினால் இரண்டு கிரேனும் அப்படியே உறைந்துவிடுகின்றன. தூணின் தலையில் நான்கு பேர் பாதுகாப்புக் கயிறு மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தொட்டி அவர்கள் நெஞ்சுயரத்துக்கு வந்ததும், அவ்வளவு பாரத்தையும் வெறும் கையால் தொட்டு, ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று திருப்பி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டியும்விட்டேன்.

இனி கீழே இறங்குவோம்!

சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை இங்கே எல்லோரும் டிபிஎம் என்றுதான் சொல்கிறார்கள். முகத்தின் குறுக்களவு ஆறரை மீட்டருக்குச் சற்று மேல். பின்னால் தொடரும் சரக்கு மேடைகளோடு சேர்த்து நீளம் நூறு மீட்டர்வாக்கில் வரும். எனக்குப் பிடித்ததே இவற்றுக்கு வைத்திருக்கிற பெயர்கள். வடக்கே மாதவரத்தில் 2022 அக்டோபரில் முதலில் இறங்கியது நீலகிரி, கூடவே ஆனைமலை. கலங்கரை விளக்கத்திலிருந்து கிளம்பியவை பறவைகள்: 2023 செப்டம்பரில் ஃபிளமிங்கோ, அதைத் தொடர்ந்து கழுகு. பனகல் பூங்காவில் மயிலும் பெலிகனும். கொளத்தூர்ப் பக்கம் குறிஞ்சியும் முல்லையும். பசுமைவழிச் சாலையிலிருந்து அடையாறு சந்திப்பை நோக்கிப் போனவை காவிரியும் அடையாறும். ஆமாம், அடையாற்றின் படுகைக்கு அடியில் காவிரி போனது! பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நமஸ்காரம்.

டிபிஎம்மை ஓட்டுகிறவர் மண்ணைப் பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு சின்ன அறை, அதில் திரைகள், பொத்தான்கள். முன்னால் சுழலும் கட்டர் ஹெட்டை எந்த மண் எவ்வளவு அழுத்துகிறது, திருகுக் குழாய் எவ்வளவு மண்ணை வெளியே இழுக்கிறது, இயந்திரம் போட்ட கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, எல்லாம் எண்களாக வரும். உள்ளே இழுக்கிற மண்ணும் முன்னேறுகிற தூரமும் ஒத்துப்போக வேண்டும். அளவுக்கு மீறி மண் வந்துவிட்டால் மேலே எங்கோ ஒரு தெருவுக்குக் கீழே வெற்றிடம் விழுகிறது என்று அர்த்தம். சென்னை மண்ணோ ஒரே குணம் கொண்டதில்லை. வடக்கே தண்ணீர் ஊறிய மணலும் களிமண்ணும். தெற்கே சைதாப்பேட்டை, அடையாறு பக்கம் கருங்கல் பாறை. சில இடங்களில் முகத்தின் மேல்பாதி குழைவாகவும் கீழ்ப்பாதி பாறையாகவும் இருக்கும். அந்த மாதிரி இடத்தில் பற்கள் சீக்கிரம் தேயும். தேய்ந்ததை மாற்ற, காற்றழுத்தம் ஏற்றிய அறை வழியாகக் கட்டர் ஹெட்டின் பின்புறம்வரை ஆட்கள் போவார்கள். ஆழ்கடலில் மூழ்கி வேலை செய்பவரைப்போலவே உடம்பைப் பழக்கி உள்ளே போய், பழக்கி வெளியே வர வேண்டிய வேலை. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்தச் சுரங்கங்களில் உழைக்கிற தொழிலாளர்களை நிலையம் திறக்கிற நாளில் மேடையில் பார்க்க எனக்கு ஆசை.

இயந்திரம் ஒரு முழம் இரண்டு முழமாகத்தான் நகரும். ஒரு ரிங் அளவுக்கு முன்னேறியதும் நின்றுவிடும். வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு இயந்திரக் கை தூக்கி, வட்டமாக வைத்து, போல்ட் போடும். கடைசியாக ஆப்பு மாதிரி ஒரு சின்னத் துண்டு, கீ செக்மென்ட், இடுக்கில் இறங்கும். அது இறங்கினால் வட்டம் பூட்டிக்கொள்ளும். ரிங்குக்கு வெளியே மண்ணோடு இருக்கிற இடைவெளியைச் சிமென்ட் கூழ் நிரப்பும். இப்போது ஜாக்குகள் அந்தப் புது ரிங்கையே உதைத்துக்கொண்டு இயந்திரத்தை முன்னே தள்ளும். தான் கட்டியதையே மிதித்து முன்னேறுகிற இயந்திரம்! அதனால் சுரங்கத்துக்குள் யாரும் மீட்டரில் பேசுவதில்லை. இன்றைக்கு எத்தனை ரிங் என்பதுதான் கேள்வி.

மேலே இருக்கிற நமக்கும் இதில் பங்குண்டு. தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ பழைய வீட்டுச் சுவரில் திடீரென்று சின்னச் சதுரமாக மின்னுகிற ஒரு ஸ்டிக்கரைப் பார்த்தீர்களானால் பிய்த்துவிடாதீர்கள்! தெருமுனையில் முக்காலி வைத்த கருவியோடு சர்வேயர் வந்து அந்தச் சதுரத்தைக் குறிபார்ப்பார். வீடு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கினாலும் அது காட்டிக்கொடுக்கும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு அளவுகோல், நிலத்தடி நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சாலையில் ஒரு குழாய், எல்லாம் டிபிஎம் வருவதற்கு முன்பே வந்துவிடும். பனகல் பூங்காவிலிருந்து கிளம்பிய பெலிகன், வரிசை வரிசையான பழைய கட்டடங்களுக்கும் புறநகர் ரயில் தண்டவாளங்களுக்கும் அடியில் போய், 2025 ஜூலையில் கோடம்பாக்கத்தில் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பிரேக்த்ரூ என்று சொல்கிற அந்தக் கணத்தின் வீடியோ எது கிடைத்தாலும் நான் பார்த்துவிடுவேன். சுவர் முதலில் லேசாக நடுங்கும். நடுவில் ஒரு கீறல். சிமென்ட் சில்லு சில்லாகக் கொட்டும். பிறகு சேறு பூசிய பற்கள் சுழன்றுகொண்டே வெளியே எட்டிப் பார்க்கும். ஹெல்மெட் போட்ட பெரியவர்களெல்லாம் பள்ளிப் பிள்ளைகளாகித் துள்ளுவார்கள்.

கீழே இருக்கிற முடிச்சுகளில் பெரியது திருமயிலை. லஸ் பக்கம், தலைக்கு மேலே பறக்கும் ரயில், பக்கிங்காம் கால்வாய், எட்டினால் கபாலீஸ்வரர் கோயில். இந்த நெருக்கத்தில் இரண்டு வழித்தடம் சந்திக்க வேண்டும். மாதவரம் – சிப்காட் பாதை வடக்கு தெற்காக. கலங்கரை விளக்கம் – பூந்தமல்லிப் பாதை கிழக்கு மேற்காக. பக்கம் பக்கமாகச் சுரங்கம் விட அகலம் கிடையாது. ஆகவே டிபன் கேரியர் மாதிரி அடுக்கிவிட்டார்கள்! போகிற பாதைக்கு அடியில் வருகிற பாதை என்று சுரங்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குகின்றன. நிலையத்தின் ஆழம் ஏறக்குறைய 35 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அந்த ஆழத்துக்குப் போகிற பயணிக்கு எஸ்கலேட்டரும் லிஃப்ட்டும் எங்கே இருக்கின்றன, எத்தனை நிமிடம் ஆகும் என்பதில்தான் நிலையத்தின் வெற்றி இருக்கிறது. மாட வீதியிலிருந்து வரும் பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொள்ளாமல் நடைமேடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு முடிச்சு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டியிருந்தாலும், மாறுவதற்கு நடக்கிற தூரம் அதிகமானால் ஜனங்கள் ஷேர் ஆட்டோவுக்கே திரும்பிவிடுவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கிற தடத்திலும் இரவில்தான் உயிர்த்துடிப்பு. இரவு 11 மணிக்குக் கடைசி ரயில் கிளம்பும். காலை 5 மணிக்கு முதல் ரயில். இடையில் கிடைக்கிற சொச்ச நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தி, பாதையை எழுதி வாங்கிக்கொண்டு குழுக்கள் உள்ளே இறங்கும். தலைக்கு மேலே 25,000 வோல்ட் ஓடுகிற பாதை அது. பாலத்தில் ஓடும்போது ரயில் தொட்டுக்கொண்டு போவது தொங்கும் கம்பி. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அது அலுமினியச் சட்டத்தில் பிடித்த விறைப்பான கடத்தியாக மாறிவிடுகிறது. சுரங்கத்தில் உயரம் குறைவு, கம்பி தொங்க இடமில்லை என்பதால் இந்த ஏற்பாடு. கோயம்பேட்டுக்கும் திருமங்கலத்துக்கும் இடையே ரயில் பாலத்திலிருந்து சரிவில் இறங்கித் தரைக்குள் நுழைகிற இடம் இருக்கிறதே, வெளிச்சம் சட்டென்று அணைந்து சத்தம் மாறும், அங்கேதான் தலைக்கு மேலே இந்த மாற்றமும் நடக்கிறது. அடுத்தமுறை அந்த இடத்தில் செல்போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள். டெப்போவில் அதே நேரம் ஒரு ரயிலின் சக்கரத்தைக் கழற்றாமலே, கீழே பள்ளத்தில் இருக்கிற லேத் சீவிக்கொண்டிருக்கும். விடிகாலையில், பயணிகளை ஏற்றாமல் ஒரு ரயில் முழுப் பாதையும் ஓடிப் பார்க்கும். அது சரி என்றால்தான் கதவு திறக்கும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சென்னையைப் பற்றிப் பேச முடியாது. சுரங்க நிலைய வாசலில் ஏன் முதலில் சில படிகள் ஏறி, பிறகு இறங்க வைக்கிறார்கள் என்று கேட்டிருப்பீர்கள். அந்தச் சில படிகள்தான் சாலை வெள்ளத்துக்கும் நடைமேடைக்கும் நடுவே நிற்கிற கரை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பேருந்துகள் முடங்கியபோது, பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோ ஊருக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. 2023 மிக்ஜாம் புயலில் பரங்கிமலை நிலையத்தின் வாசலைத் தண்ணீர் சூழ்ந்தது; பயணிகளை ஆலந்தூருக்குப் போகச் சொன்னார்கள்; ரயில் ஓடியது. பாலம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதற்கு ஏறுகிற வாசல் நனையாமல் இருக்க வேண்டும் என்பதை அந்த மழை சொல்லிக்கொடுத்தது. புது நிலையங்களில் நான் முதலில் பார்க்கப்போவது வாசல் படிகளைத்தான்.

இன்னும் காகிதத்தில் இருக்கிற கோடுகளும் உண்டு. விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையோடு கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர், 13 நிலையங்கள். 2023 டிசம்பர் கடைசியில் பேருந்து முனையம் கிளாம்பாக்கத்துக்குப் போனதிலிருந்து, மூட்டை முடிச்சோடு நள்ளிரவில் அங்கே இறங்குகிறவர்களைப் பார்க்கிற எவரும் இந்தக் கோடுதான் முதலில் வர வேண்டும் என்பார்கள். நானும் அந்தக் கட்சி. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டருக்கு ஒரு திட்டம். பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் வரை ஏறக்குறைய 53 கிலோமீட்டருக்கு இன்னொன்று. அதில் சுங்குவார்சத்திரம் வரை முதல் பகுதி.

ஒரு கோடு காகிதத்தை விட்டு இறங்குகிறது என்பதற்கு முதல் அடையாளம் என்ன தெரியுமா? சாலையோரத்தில் மூன்று கால் நட்டு, தண்ணீர் விட்டுத் துளைபோடுகிற ஒரு சின்ன ரிக். பக்கத்தில் நீளமான பெட்டி திறந்து கிடக்கும். பூமிக்குள்ளிருந்து உருவிய மண்ணும் பாறையும் ஆழம் எழுதிய வரிசையில் அதில் படுத்திருக்கும்: மேலே செம்மண், கீழே களிமண், அதற்கும் கீழே சாம்பல் நிறப் பாறை உருளைகள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கேளுங்கள். இது எந்த ஸ்டேஷனுக்கு அண்ணா என்றால் போதும், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்!